மகளுக்கு நான் கொடுத்த எட்டு மாதம்

ரெட்டிபாளையம் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் எனக்கு வேலை. வந்துபோகிற லாரிகளை எடைமேடையில் நிறுத்தி எடை பார்த்துச் சீட்டு கொடுக்க வேண்டும். ஒரு மூட்டை கூடினாலும் இறக்கச் சொல்லிவிடுவேன். "இந்த சார் ரொம்பக் கறாரு" என்று டிரைவர்கள் முணுமுணுப்பது காதில் விழுந்தால் உள்ளுக்குள் குளுகுளுவென்று இருக்கும். அப்பேர்ப்பட்ட யோக்கியன்தான் பெற்ற மகளின் வயதில் எட்டு மாதத்தைக் கூட ஏற்றிவிட்டேன்.

அவள் பிறந்தது மாட்டுப் பொங்கலன்று. நாலரை வயதில் ஒண்ணாம் வகுப்பில் சேர்க்கக் கூட்டிப்போனேன். அஞ்சு முடிந்திருக்க வேண்டும் என்றார் டீச்சர். அடுத்த வருசம் போயிருக்கலாம், குடி ஒன்றும் முழுகியிருக்காது. ஆனால் அந்த வாரம்தான் என் மச்சான் மகன் ஒண்ணாம் வகுப்பில் சேர்ந்திருந்தான். அவனுக்கு ஒரு வகுப்பு கீழே என் மகள் உட்காருவதா? "போன மாசந்தாங்க அஞ்சு முடிஞ்சுது, சர்டிபிகேட்டு எங்க வச்சோம்னு தெரியல" என்று வாய்க்கு வந்த ஒரு மே மாதத் தேதியை அடித்துவிட்டேன். சர்டிபிகேட் வீட்டு பீரோவில் பத்திரமாக இருந்தது. எங்கள் பக்கம் பாதிப் பேருக்கு வீட்டுக்கு ஒரு பிறந்தநாள், பள்ளிக்கூடத்துக்கு ஒரு பிறந்தநாள். அதனால் எனக்கு உறுத்தவே இல்லை. அன்று சாயங்காலம் பெண்டாட்டியிடம் என் சாமர்த்தியத்தை ரெண்டு தடவை சொன்னேன். அந்த மச்சான் மகன் பிற்பாடு ஒன்பதாம் வகுப்பில் ஒரு வருசம் கூடுதலாக உட்கார்ந்தான் என்பது தனிக்கதை.

மகள் ஏழாவது படிக்கும்போது கால்பந்து ஆட ஆரம்பித்தாள். கோல்கீப்பர் என்றாள். ஓட முடியாதவர்களைத்தான் அங்கே நிறுத்துவார்கள் என்று நினைத்து, "விடும்மா, அடுத்த வருசம் நல்லா ஓடப் பழகிக்கலாம்" என்று ஆறுதல் சொன்னேன். மாநில அணிக்கு ஆடுகிற அளவுக்கு அவள் போன பிறகுதான் என் மரமண்டைக்கு விசயம் ஏறியது.

பிறகு ஒருநாள் அவளுடைய கோச் மேடம் போன் செய்தார். பதினேழு வயதுக்குட்பட்ட பெண்களுக்கான உலகக் கோப்பை நம் நாட்டிலேயே நடக்கிறது, இந்திய அணித் தேர்வு முகாமுக்கு மகளைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றார். போனை வைத்த கையோடு எடைமேடைக்கு வந்த அத்தனை லாரிக்காரனிடமும் சொல்லித் தீர்த்தேன். கல்லங்குறிச்சி பெருமாளுக்கும் வேண்டிக்கொண்டேன். எல்லாம் செய்தேன், முகாமுக்குக் கேட்ட காகிதங்களை மட்டும் படிக்கவில்லை.

அவள் பிறந்த வருசத்து ஜனவரி ஒண்ணாம் தேதிக்குப் பிறகு பிறந்திருந்தால்தான் சேர்த்தி. மாட்டுப் பொங்கல் என்றால் கச்சிதம். நான் சொன்ன மே மாதமோ அதற்கு முந்தின வருசத்தது, வயது கூடிப்போச்சு. பீரோவிலிருந்த சர்டிபிகேட் ஒன்று சொன்னது, பள்ளிச் சான்றும் ஆதாரும் வேறொன்று சொல்லின. "மூணும் ஒண்ணா இருந்தாத்தான் சார் எடுத்துப்பாங்க. ஒரு மாசத்துக்குள்ள திருத்திடுங்க" என்றார் மேடம்.

ஓடினேன். அவள் பிறந்தபோது எங்கள் அரியலூர் பெரம்பலூர் மாவட்டத்துக்குள் இருந்தது. பழைய பதிவேட்டின் நகல் வேண்டுமென்று பெரம்பலூருக்கு பஸ் ஏறினேன். அதை வாங்கிக்கொண்டு அரியலூருக்குத் திரும்பினேன். இன்னொரு கையெழுத்துக்காக மறுபடி பெரம்பலூர். எல்லா இடத்திலும் மரியாதையாக உட்காரவைத்துத்தான் பேசினார்கள். ஓர் ஆபீசர் மட்டும் தலை நிமிராமல் கேட்டார்.

"இந்த மே மாசத் தேதியக் குடுத்தது யாருங்க?"

"நாந்தாங்க."

"ஏன் குடுத்தீங்கன்னு உங்க கைப்பட எழுதிக் குடுங்க."

பேனாவை வாங்கிக்கொண்டேன். மச்சான் மகன் முந்திவிடக் கூடாது என்பதற்காக என்று எந்த மனுவில் எழுத முடியும்? 'அறியாமையால் நேர்ந்த பிழை' என்று எழுதினேன். நான் கொடுத்த தகவல்களிலேயே அது ஒன்றுதான் முழு உண்மை.

திருத்தம் வந்தது. முகாம் தொடங்கி மூன்று வாரம் கழித்து வந்தது. பெண்டாட்டி என்னை வறுத்தெடுத்தாள், அது கூடப் பரவாயில்லை. மகள் ஒரு வார்த்தை திட்டவில்லை. வழக்கம்போல விடிகாலையில் பூட்ஸை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எடைமேடையில் டிரைவர்கள் "பொண்ணு எப்ப சார் கெளம்புது?" என்று கேட்கும்போதெல்லாம் சீட்டைச் சரிபார்க்கிற மாதிரி குனிந்துகொள்வேன்.

உலகக் கோப்பை ஆட்டத்தை வீட்டு டிவியில் சேர்ந்துதான் பார்த்தோம். எதிரணிப் பெண்கள் காற்று மாதிரி வந்தார்கள். நம் கோல்கீப்பர் பெண் பாய்ந்து பாய்ந்து விழுந்தது, அப்படியும் கோல் மேல் கோல். எனக்குப் பொறுக்கவில்லை. ஏதாவது சொல்லி மகளைத் தேற்ற வேண்டுமே. "நீ நின்னுருந்தா இதெல்லாம் புடிச்சிருப்பம்மா" என்றேன்.

அவள் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"புடிச்சிருக்க மாட்டேம்ப்பா" என்றாள். "ஆனா அங்க நின்னுருப்பேன்."