வெட்டவெளிக்கு ஓடியவள்

உக்ரைனில் முதல் குண்டு விழுந்த காலையில் எங்கள் மருத்துவக் கல்லூரி விடுதியில் இருந்தவர்கள் எல்லோரும் நிலவறைக்கு ஓடினார்கள். நான் மட்டும் வெளியே ஓடினேன். வெறுங்காலோடு, பனி கிடந்த மைதானத்தின் நடுவுக்கு.

பயத்தில் புத்தி தடுமாறியதாக யாரும் நினைக்க வேண்டாம். முறைப்படிதான் ஓடினேன். சிவகாசியை அடுத்த வெம்பக்கோட்டைப் பக்கம், எங்கள் ஊரில், பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிற வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்பது இது: சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வெட்டவெளிக்கு ஓடு, திரும்பிப் பார்க்காதே. நாலு வருடம் மருத்துவம் படித்த பிறகும் என் கால்களுக்கு அதுதான் தெரிந்திருந்தது. விடுதிக் காப்பாளர் பின்னாலேயே ஓடிவந்து, என் சடையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். டாக்டராகத்தான் திரும்புவேன் என்று சொந்தக்காரர்கள் முன்னால் சொல்லிவிட்டுக் கிளம்பியவள். அதனால் நிலவறையில் உட்கார்ந்து நான் கவலைப்பட்டது உயிரைப் பற்றி இல்லை, மீதி இருந்த இரண்டு வருடப் படிப்பைப் பற்றி.

அம்மா வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனியில் செல்போனை வாசலில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் அதை வாங்கி என்னைக் கூப்பிட்டாள்.

“ஏளா, எங்கன இருக்க?”

“தரைக்குக் கீழ, ஒரு ரூமுல.”

“எத்தன பேரு?”

“நூறு பேரு இருக்கும்.”

“வாசல் எத்தன?”

“ஒண்ணுதான்.”

“ஒத்த வாசல் ரூமுல நூறு பேரா? இங்க ரூமுக்கு நாலு பேருக்கு மேல உக்கார விடமாட்டாக. எந்திரிச்சு வெளிய ஓடுளா!”

“அம்மா, இது மேல இருந்து விழுற குண்டு. வெளிய நின்னா செத்துருவேன்.”



“படிச்சவ சொல்லுற, உள்ளயே கெட. ஆனா படிப்பும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். ஊருக்கு வந்துரு. இங்கன ஒரு பயமும் இல்ல.”

சொல்லிவிட்டு, பட்டாசுக் குழாய்களில் வெடிமருந்து செலுத்தப் போய்விட்டாள்.

பேருந்து, ரயில், எல்லையில் இரண்டு நாள் வரிசை, விமானம் என்று ஒருவழியாக வந்து சேர்ந்தேன். ஊரில் மாலை போட்டு வரவேற்றார்கள். படிப்பை முடிக்காததற்கு மாலை வாங்கியவள் எங்கள் தெருவில் நான் ஒருத்திதான். மாலை வாடுவதற்குள் அம்மா அவளுடைய கம்பெனி ஆபீசில் எனக்கு ஒரு வேலை பேசிவைத்துவிட்டாள்.

வேலையில் சேர வேண்டிய நாளுக்கு முதல் நாள் காலையில், பக்கத்து வீட்டு அக்கா கையில் தீக்காயத்தோடு வந்தாள். குழாய்த் தண்ணீரில் நெடுநேரம் காட்டச் சொன்னேன். சுத்தமான துணியை மேலே லேசாகப் போட்டேன்.

“படிப்ப முடிக்காம இதுக்கு மேல நான் வைத்தியம் பாக்கக்கூடாதுக்கா. பெரியாஸ்பத்திரிக்குப் போங்க.”

“அங்கன போகணும்னு எனக்கே தெரியும் தாயி. இதச் சொல்லவா அம்புட்டுத் தூரம் போயிப் படிச்ச?”

அம்மா சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்காவைச் சிவகாசி பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்து, மீதி இரண்டு வருடத்தைப் படிக்க வேறொரு நாட்டுக் கல்லூரிக்கு விண்ணப்பம் அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் அம்மாவிடம் சொன்னேன்.