நிச்சயத் தட்டு ஆப்பிள்

நிச்சயத் தட்டின் கண்ணாடித் தாளைப் பிரித்ததும் வீடு முழுக்க ஆப்பிள் வாசனை... கடலூர்க் குப்பத்தில் எங்கள் வீட்டில் மீன் வாசனைதான் நிரந்தரம். அதனாலோ என்னவோ, அந்த ஆப்பிள் வாசனை இன்னும் மூக்கிலேயே நிற்கிறது.

2008. முந்தின நாள்தான் அக்காவுக்கு நிச்சயம் முடிந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வைத்த பழத்தை மறுநாள் காலையிலேயே பங்கு போட்டுச் சொந்தக்காரர் வீடுகளுக்கு அனுப்பிவிட வேண்டும். அரை நாள் தாமதமானாலும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள்.

எனக்கோ நாலு நாளில் சிதம்பரத்தில் டிராயிங் பரீட்சை. பாஸானால்தான் டிராயிங் டீச்சர் வேலைக்கு மனு போட முடியும்.

போன தடவை வாட்டர் கலரில் பழம் வரையச் சொன்னார்கள். ஃபெயில். ஆப்பிளின் பளபளப்புக்குத் தாளை வெள்ளையாகவே விட்டிருக்க வேண்டும். நான் முழுக்கச் சிவப்பை அடித்துவிட்டு, மேலே வெள்ளையை அப்பினேன். ஆப்பிள் செங்கல்லாகிவிட்டது.

வீட்டில் வாழைப்பழம் தவிர வேறு எதையும் பார்த்து வரைந்து பழகியதில்லை. இந்தத் தட்டை விட்டால் வேறு வழியில்லை. ஜன்னலோரம் தட்டோடு உட்கார்ந்துவிட்டேன். அம்மா ஒயர் கூடையோடு பக்கத்தில் நின்றாள்.

முதலில் போகிற பழத்தை முதலில் வரைவது என்று முடிவு செய்தேன். திராட்சை அத்தை வீட்டுக்கு. அம்மா கூடையில் வைப்பதற்குள் கொத்தை முடித்தேன். அடுத்து ஆரஞ்சு... கடல் காற்றின் ஈரத்தில் தாள் காயவே இல்லை, ஒரு நிறம் இன்னொன்றுக்குள் ஓடியது. அட்டையால் விசிறிக்கொண்டே வரைந்தேன்.

கடைசியாகத் தாய்மாமன் வீட்டுப் பங்கு. மரியாதை குறைந்தால் அவருக்குப் பொறுக்காது. மிச்சம் இருந்தது ரெண்டே ஆப்பிள். இதையும் எடுத்தால் பரீட்சைக்கே போகமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அம்மா ஒன்றை மட்டும் எடுத்துக் கூடையில் போட்டாள்.

"மாமா வூட்டுக்கு ஒண்ணு கம்மியா போனா போவுது. அவருகிட்ட நான் பேசிக்கறேன். நீ வரை."

அக்கா கல்யாணம் வரைக்கும் மாமா அம்மாவோடு பேசவில்லை.

சிதம்பரத்தில் பரீட்சை ஹாலில் மாம்பழமும் கொய்யாவும்தான் வைத்திருந்தார்கள். ஆப்பிளே இல்லை. ஆனால் அந்தப் பழங்களைத் தூக்கிக்கொண்டு போக யாரும் கூடையோடு நிற்கவில்லையே... எனக்கு அதுவே பெரிய நிம்மதி. பளபளப்பு வரும் இடத்தில் வெள்ளையை விட்டு, நிதானமாக வரைந்தேன். பாஸ்.

இப்போது நான் டிராயிங் டீச்சர். பிள்ளைகள் பழத்தை போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு வரைகிறார்கள். அவசரமே இல்லை. எங்கள் வீட்டு பிரிட்ஜிலும் எந்நேரமும் ஆப்பிள் கிடக்கிறது. எனக்காக நான் ஒரு படம் வரைந்து வருஷக்கணக்காகிறது.

அம்மா மட்டும் இன்றைக்கும் பழம் வாங்கி வந்தால் உடனே உள்ளே வைப்பதில்லை. ஜன்னலோரம் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள்.

பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று நான் கிளம்பிவிடுகிறேன்...