எடைக் கட்டத்தில் ஒரு கோடு

எங்கள் அலுவலகத்தில் என் அத்தானுக்கு 'விளிம்பு' என்று பேர். எதை எடுத்தாலும் விளிம்பைப் பிடித்துத்தான் எடுப்பார். பழைய வெள்ளிக் காசை அப்படி எடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. காசின் முகத்தில் விரல் பட்டால் வியர்வை ரேகை அப்படியே தங்கிவிடும். இவர் பிஸ்கட்டையும் அப்படித்தான் எடுப்பார், சம்பள ரசீதையும் அப்படித்தான் வாங்குவார். கல்யாணமான புதிதில் என் அக்காள், "என் கையையாவது முழுசாப் பிடிங்க" என்று கேலி செய்தாளாம். அக்காளுக்கு அவரைக் காட்டியவள் நான்தான். காட்டிக்கொடுத்தவள் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

பழம்பொருள் ஏலக் கடை எங்களுடையது. கீழே ஏலக் கூடம், மாடியில் இரண்டு அறை. ஒன்றில் அத்தான் பழைய காசுகளைச் சோதிப்பார். அடுத்ததில் நான், அவர் கிறுக்கித் தருவதை டைப் அடித்துச் சோதனைச் சீட்டாக்குவேன். இரண்டுக்கும் நடுவே கைநுழையும் அளவுக்கு ஒரு சன்னல். பத்தொன்பது வருஷமாக அதன் வழியே சீட்டும் போனது, ஊர் வம்பும் போனது.

கடைகளில் எடைக்கல் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் அலுவலகத்தில் தற்காலிகக் குமாஸ்தாவாக இருந்து இங்கே வந்தவர் அவர். அதனால் தராசு என்றால் அவருக்கு ஒரு பக்தி. ஒரு காசு வந்தால் முதலில் விளிம்பைச் சுற்றிப் பார்ப்பார். அச்சில் வார்த்த போலியாக இருந்தால் அங்கே இரண்டு பாதியும் சேர்ந்த மெல்லிய தையல் தெரியும். பிறகு முகம். நிஜமாகப் புழங்கிய காசு மேடான இடத்தில்தான் தேயும்: காதுக்கு மேல் முடி, கன்னத்து எலும்பு. பள்ளமும் மேடும் ஒரே மாதிரி மழுங்கியிருந்தால் சந்தேகம். அடுத்து விரல் நுனியில் நிறுத்தி இன்னொரு காசால் லேசாகத் தட்டுவார். நல்ல வெள்ளி கணீரென்று பேசும். அதற்கப்புறம் எடை. கடைசியில் நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு இன்னொரு எடை. இந்த வரிசையில் எதையும் தாண்ட மாட்டார். முதலாளி அவசரப்படுத்தினால் காது கேட்காதவர் போல இருப்பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் தொழிலில் 'சுத்தம்' என்பது கெட்ட வார்த்தை. வெள்ளியில் வருஷக்கணக்கில் படிந்த கறுப்புதான் காசின் வயதுக்குச் சாட்சி. வீட்டில் யாராவது பளபளப்பாக்குகிறேன் என்று பல்பொடி போட்டுத் தேய்த்துவிட்டால் பாதி மதிப்பு போயிற்று. அத்தான் யாரையாவது திட்டி நான் கேட்டிருக்கிறேன் என்றால் அது இந்தப் பல்பொடிக்காரர்களைத்தான்.

அக்காள் மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து போய்ச் சேர்ந்தாள். அவர் காகிதங்களில் கையெழுத்துப் போட்டார். அவளுடைய செருப்பைத் தேடி எடுத்துப் பையில் வைத்தார். மிச்ச மருந்தைத் திருப்பிக் கொடுத்து ரசீது கேட்டார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. நான் அழுது முகம் வீங்கி நிற்கிறேன், இந்த மனுஷர் ரசீதை நான்காக மடிக்கிறார். கல்லுளிமங்கன் என்று வாய்விட்டே சொன்னேன். அவருக்குக் கேட்டிருக்கும். ஒன்பதாம் நாள் வேலைக்கு வந்து உட்கார்ந்தார். நான் அவரோடு பேச்சை நிறுத்தினேன். சன்னல் வழியே காகிதம் மட்டும் போய் வந்தது.

அந்த ஒன்பதாம் நாள்தான் லாரி புக்கிங் ஆபீஸில் வேலை பார்க்கும் ஒருவர் வந்தார். அவருடைய அம்மா சமீபத்தில் இறந்திருந்தார். அம்மா பெட்டியில் ஒரு வெள்ளிக் காசு. அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட தங்கை அதை எடுத்து அண்ணன் கையில் கொடுத்திருந்தாள். அது அசலா என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். அத்தான் தட்டிப் பார்த்தது எனக்கும் கேட்டது. கணீர் இல்லை, மரப்பலகையில் தட்டியது போல ஒரு சத்தம். சிறிது நேரத்தில் காகிதம் வந்தது. 'ஒலி: இல்லை. முடிவு: போலி.' எடைக் கட்டத்தில் எண் இல்லை, ஒரு கோடு மட்டும்.

நான் அந்தக் கோட்டைப் பார்த்தேன். பத்தொன்பது வருஷத்தில் அந்தக் கட்டத்தில் கோடு வந்ததே இல்லை. ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்டால் பேச வேண்டுமே. நறுக்கென்று கோட்டையும் சேர்த்து டைப் அடித்துக் கொடுத்தேன். கீழே முதலாளி படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

நாலு மாதம் கழித்து அந்தத் தங்கை வந்தாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் துணி இஸ்திரி போடுகிறவள். முன்கையெல்லாம் பழைய சூட்டுத் தழும்பு. சீட்டு எழுதினவரைப் பார்க்க வேண்டும் என்றாள். அத்தான் அறைக்கு அழைத்துப் போனேன். கைக்குட்டையை அவிழ்த்துக் காசை மேசையில் வைத்தாள். கண் கூசும் பளபளப்பு. உள்ளே செம்பு தெரிகிறதா என்று அண்ணன் பல்பொடி போட்டுத் தேய்த்துப் பார்த்திருக்கிறார். அப்புறம், உன் தகரத்தை நீயே வைத்துக்கொள் என்று அவள் காலடியில் எறிந்திருக்கிறார். அசலை விற்றுவிட்டுப் போலியை வைத்துவிட்டாள் என்பது அவர் கட்சி.

"நான் மாத்தலைங்க. அம்மா பெட்டியில எப்படி இருந்துச்சோ அப்படியே எடுத்துக் குடுத்தேன். அண்ணன் பேசறதில்ல. அண்ணி புள்ளைங்களைக்கூட எங்கிட்ட விடறதில்ல. எனக்குக் காசு வேணாம். இன்னொரு தடவை பாத்துச் சொல்லுங்க."

அத்தான் காசை விளிம்பைப் பிடித்து எடுத்தார். தட்டினார், அதே மரச் சத்தம். தராசில் வைத்தார். தேய்மானத்துக்கு எவ்வளவு குறைய வேண்டுமோ அவ்வளவுதான் குறைந்திருந்தது. தண்ணீர் எடையும் வெள்ளி என்றே சொன்னது. விளிம்பில் தையல் இல்லை. தேய்ந்த இடங்கள் எல்லாம் தேய வேண்டிய இடங்கள். லென்ஸைக் கண்ணில் செருகிக்கொண்டு எழுத்து எழுத்தாக நகர்ந்தார். இரண்டு எழுத்துக்கு நடுவில் நின்றார். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். மயிரிழை மாதிரி ஒரு விரிசல், விளிம்பிலிருந்து உள்ளே ஓடியிருந்தது. நாணயச் சாலையில் காசு அடிக்கும்போதே தகட்டில் விழுந்த விரிசல். இப்படிப்பட்ட காசை 'ஊமை' என்பார்கள். அசல்தான், ஆனால் பேசாது. சத்தத்தை மட்டும் நம்பி ஊமையைப் போலி என்று தள்ளுவது தொழிலுக்கு வந்த முதல் மாதத்தில் செய்யும் தப்பு. எடை பார்த்திருந்தால் போதும்.

கோப்பிலிருந்து பழைய சீட்டின் நகலை எடுத்தார். கோட்டின் மேல் விரலை வைத்தார்.

"காசு அசல்மா. உங்க மேல தப்பே இல்ல. நான்தான் எடை போடாம எழுதிட்டேன்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள், விசாரித்த பஸ் நம்பர் தெரிந்துவிட்டது போல.

முதலாளி புதுச் சீட்டுக்குச் சம்மதித்தார். 'அசல், சுத்தம் செய்யப்பட்டது' வரைக்கும் அவருக்கு ஆட்சேபம் இல்லை. அதன் கீழே 'முதல் சோதனையில் எடை பார்க்கப்படவில்லை, தவறு என்னுடையது' என்று அத்தான் எழுதியிருந்ததைப் படித்ததும் பேனாவை மூடிவிட்டார். கடைப் பேர் என்ன ஆவது என்றார். காரணம் சொல்லாமல் சீட்டை மட்டும் மாற்றினால் அண்ணன் நம்ப மாட்டார், காசு கொடுத்து எழுதி வாங்கினாள் என்பார் என்று அத்தான் சொன்னார். முதலாளி மசியவில்லை. சரி, அந்த வரியை எடுத்துவிடுங்கள், நான் நேரில் போய் வாயால் சொல்லிக்கொள்கிறேன் என்றார் அத்தான். அந்த வரி இல்லாத சீட்டில் கையெழுத்துப் போட்டபடியே, வேலை போனாலும் போகும் என்று முதலாளி ஜாடையாகச் சொன்னார். அத்தான் சட்டைப்பையில் சீட்டை வைத்துக்கொண்டு, காத்திருந்த தங்கையையும் அழைத்துக்கொண்டு வாசல்படி இறங்கினார். நானும் கைப்பையை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

அண்ணன் வீடு மூன்றாம் மாடி. மாலை ஐந்தரை இருக்கும், அப்போதுதான் வேலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். தங்கையைப் பார்த்ததும் முகம் இறுகியது. உட்காரச் சொல்லவில்லை. அத்தான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்: விரிசல், எடை, கோடு. கணக்கு வாத்தியார் மாதிரி ஏற்ற இறக்கமே இல்லாமல் சொன்னார்.

அண்ணன் சீட்டை இரண்டு தரம் படித்தார். எடை போடாமல் எப்படி எழுதினீர்கள் என்று கேட்டார்.

"அன்னைக்கு என் வீட்டுக்காரி போய் ஒன்பதாவது நாளுங்க. நான் அங்க வந்து உக்காந்திருக்கக் கூடாது. தட்டினேன், சத்தம் வரலை, அவ்வளவுதான். அதுக்கு மேல கை போகலை."

சீட்டை டைப் அடித்தவள் நான் என்று அத்தான் சொல்லியிருந்ததால் அண்ணன் என் பக்கம் திரும்பினார். ரெண்டு பேர் கை தாண்டித்தானே சீட்டு வருகிறது, நீங்களாவது பார்க்கவில்லையா என்றார்.

பொய் சொல்ல வசதியாக இருந்தது. டைப் அடிக்கிறவளுக்கு என்ன தெரியும் என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பார்.

"பாத்தேங்க. கோடு இருக்கறதப் பாத்தேன். இவர்கிட்டக் கேக்கலை."

உள்ளே குழாயில் யாரோ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. அண்ணன் தங்கையிடம், உள்ளே வந்து உட்கார் என்றார். அவள் வாசலைத் தாண்டவில்லை. காசை அவர் கையில் வைத்தாள்.

"இவங்க ரெண்டு பேரும் அவங்களுக்குள்ள கேக்கலை, சரி. நீயும் எங்கிட்டக் கேக்கவே இல்லையேண்ணா. சீட்டைத்தான கேட்ட."

குரலை உயர்த்தவில்லை. ராத்திரி ஷிஃப்ட்டுக்கு நேரமாகிறது என்று எங்களிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அண்ணன் காசை உள்ளங்கையில் மூடிக்கொண்டு அவள் போன படியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ் நிறுத்தத்தில் அத்தானும் நானும் நின்றோம். நாலு மாதமாக அவர் பக்கத்தில் நான் இப்படித் தனியாக நின்றதில்லை. காலர் ஒரு பக்கம் உள்ளே மடங்கியிருந்தது. கன்னத்தில் சவரக் கத்தி தவறவிட்ட முடி. அவர் அழவில்லையே என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு தரம்கூடக் கேட்டதில்லை. எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது.

"எப்படி இருக்கீங்க அத்தான்?"

அவர் யோசித்தார். எந்தக் கேள்விக்கும் அவர் சட்டென்று பதில் சொல்கிறவர் இல்லை.

"தெரியலைம்மா. காலைல பல் தேய்ச்சேனான்னு தெரியறதில்ல, அதனால ரெண்டு தடவை தேய்க்கிறேன். சாப்டேனான்னு தெரியறதில்ல. அவ போனதுகூட எனக்கு இன்னும் தெரியலை."