உப்புத் தூணுக்கு ஒரு வேன்

எங்கள் தெருவில் வேன் பிடித்து ஊர் சுற்றுவதென்றால் என்னிடம்தான் வருவார்கள். என் திறமையெல்லாம் காரணமில்லை. வேன் டிரைவர் என் போனை மட்டும்தான் எடுப்பார். யாருக்கு வாந்தி வரும், யார் ஜன்னலோரம் கேட்டு வாங்கி உடனே தூங்கிவிடுவார், யார் வீட்டுப் புளியோதரையை முதலில் காலி செய்ய வேண்டும், எல்லாம் எனக்கு அத்துப்படி. ஆலங்குடியிலிருந்து எல்லாத் திசைக்கும் வேன் விட்டிருக்கிறேன். சித்தன்னவாசலுக்கு ஓவியம் பார்க்க ஏறிய கூட்டத்தில் பாதிப் பேர் பாதிப் படியிலேயே உட்கார்ந்து முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டார்கள். அதையும் சமாளித்தவள் நான்.

ஆனால் சுதந்திரப் போராட்டம் நடந்த இடத்துக்கு ஒரு வேன் விட வேண்டும் என்று போட்ட திட்டம் மட்டும் இரண்டு தடவை ஊற்றிக்கொண்டது. இரண்டு தடவையும் அதைக் கவிழ்த்தது ஒரே வார்த்தைதான்: "போற வழிதானே." வாட்ஸ்ஆப் குழுவில் வேதாரண்யம், உப்புச் சத்தியாகிரகத் தூண் என்று போட்டேன். போற வழிதானே, எட்டுக்குடி முருகனைப் பார்த்துவிடலாம் என்றார் ஒருவர். போற வழிதானே, திருநள்ளாறு என்றார் இன்னொருவர். அது எப்படிம்மா வழியில் வரும் என்று கேட்டால், வேன் எடுத்தாச்சுன்னா எல்லாம் வழிதான் என்று பதில் வந்தது. கடைசியில் திட்டத்தில் சாமிகள் எல்லாம் இருந்தார்கள், தூணைக் காணோம்.

எனக்காக என்றால் விட்டுத் தொலைத்திருப்பேன். இது அப்பாவுக்காக. அப்பாவுக்குக் கோயில் ஆகாது, கறுப்புச் சட்டை போடாத நாத்திகர். எங்களோடு ஒரே ஒரு தடவை வந்து, ஒவ்வொரு கோயில் வாசலிலும் செருப்புக்குக் காவல் இருந்துவிட்டு வீடு திரும்பினார். அதிலிருந்து வேன் என்றாலே, நீங்க போயிட்டு வாங்க என்பதோடு சரி. அவர் பார்க்க ஆசைப்பட்டது ஒரே இடம். என் தாத்தா இளவட்டமாக இருந்தபோது வீட்டில் சொல்லாமல் கிளம்பிப் போய், வேதாரண்யத்தில் ஒரு பிடி உப்பை அள்ளியிருக்கிறார். கையைத் திற என்றது போலீஸ். திறக்கவில்லை. மூடிய கையின் மேலேயே அடித்தார்கள். அவருடைய சுண்டுவிரல் சாகும்வரை நிமிரவே இல்லை. எந்தக் கல்வெட்டிலும் அவர் பெயர் கிடையாது. அந்த இடத்தில் ஒரு தடவை நின்றுவிட வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. முழங்கால் இரண்டும் மக்கர் பண்ணத் தொடங்கிவிட்டன. இந்த வருஷத்தை விட்டால் முடியாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

தனியாகக் கார் பிடிக்கிறேன் என்றேன்.

"ஒத்தையாப் போயி நின்னா அது என்னத்தா போராட்டம்? கூட்டமாத்தான் போகணும்" என்றார். பிறகு, "ஆனா ஒண்ணு. அங்கயும் சூடம் கீடம் கொளுத்துனீங்க, நான் வேன விட்டு எறங்க மாட்டேன்" என்றார். சொன்னால் சொன்னதுதான், அப்படி ஒரு பிடிவாதம்.

கூட்டம் வேண்டுமென்றால் கோடிவீட்டு அக்கா வேண்டும். அவர் தலையசைத்தால் தெருவே வேனில் ஏறும். சாமி விஷயத்தில் சட்டமெல்லாம் அவரிடம்தான் இருக்கிறது. யாராவது மறந்துபோய் இடது கையில் பிரசாதம் வாங்கினால் அந்த இடத்திலேயே கையைத் தட்டிவிடுவார். நேரே அவரிடம் போனேன்.

"அமாவாசைக்குக் கோடியக்கரையில முழுக்குப் போடலாமாக்கா?"

"அட, நல்ல யோசனையா இருக்கே."

"போற வழிதானே, ஒரு தூண் இருக்கு. கொஞ்ச நேரம் நிப்பாட்டுவோம்."

"தூணா? என்ன விசேஷம்?"

"உப்புத்தான்க்கா அங்க விசேஷம்."

இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. அவர்கள் ஆயுதத்தையே எடுத்து அவர்கள் மேலேயே வீசினேன் என்ற குஷியில் வீட்டுக்கு வந்து காபி போட்டுக் குடித்தேன்.

அமாவாசையன்று பட்டுக்கோட்டை தாண்டி டீக்கு நிறுத்தியபோதுதான் கவனித்தேன். ஆளுக்கொரு கல்லுப்புப் பொட்டலம் மடியில் இருந்தது. மரு உதிர வேண்டும், தோல் வியாதி போக வேண்டும் என்று கோயிலில் உப்பும் மிளகும் கொட்டுவது எங்கள் பக்கம் வழக்கம். கழுத்தில் மரு இருந்த ஒருவர் மறக்காமல் மிளகும் கொண்டு வந்திருந்தார்.

"தெருவுக்கே சொல்லிட்டேன். வெறுங்கையோட யாரும் வரல" என்றார் அக்கா பெருமையாக.

கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போகிற கூட்டத்துக்கு நான்தான் தலைவி. சிரிப்பு ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். முன் சீட்டில் அப்பா சலவை வேட்டியும் மழித்த முகமுமாக, ரோட்டை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவர்கள் தூணைச் சாமியாக்கினால் அவர் இறங்க மாட்டார். இறங்காவிட்டால் இனி எப்போதும் இல்லை.

தூண் இருக்கிற அகத்தியம்பள்ளியில் வேன் நின்றது. உப்பளங்கள் வெயிலில் கண் கூசின. அப்பாவை முதலில் இறக்கிவிடலாம் என்று நான் எழுவதற்குள், கூட்டம் இறங்கி, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தூணைச் சுற்றவே தொடங்கிவிட்டது. தூணடியில் உப்பு குவிந்தது. அக்கா இடுப்பிலிருந்து சூடத்தை எடுத்தார்.

"காத்துல நிக்காதுக்கா!" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

நிற்கவில்லை. கடல் காற்று என் கட்சி. குச்சிக்கு மேல் குச்சி அணைந்தது. "இந்தச் சாமிக்குச் சூடம் ஆகாது போல" என்று அக்காவே சொல்லி, திரும்ப இடுப்பில் செருகிக்கொண்டார்.

அப்பா எல்லாவற்றையும் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். போச்சு என்று நினைத்தேன். கதவு திறந்தது. கம்பை ஊன்றி மெல்ல இறங்கினார். யாரையும் பார்க்காமல் தூணடிக்கு வந்தார். கம்பை என்னிடம் நீட்டிவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்து, அந்தக் குவியலில் வலது கையால் ஒரு பிடி அள்ளினார்.

"ஐயையோ சித்தப்பா, அது காணிக்கை உப்பு! எடுக்கக் கூடாது, கீழ போடுங்க!" என்று பாய்ந்து வந்தார் அக்கா.

அப்பா கையை இறுக மூடிக்கொண்டார்.

"கையத் தொறங்க சித்தப்பா!" அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்து, விரல்களை விலக்கவே பார்த்தார்.

அப்பா சிரிக்க ஆரம்பித்தார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "எங்கய்யாகிட்டயும் இதத்தான் ஆத்தா சொன்னாய்ங்க, போலீசுக்காரய்ங்க. கையத் தொற, கீழ போடுன்னு. உப்ப எடுத்ததுக்குத்தான் அடிச்சாய்ங்க."

அக்காவின் பிடி தளர்ந்தது. "தொறந்தாரா?" என்று கேட்டார்.

"தொறக்கல."

அக்கா தூணை அண்ணாந்து பார்த்தார். அதன்பிறகு யாரும் சுற்றவில்லை, எல்லோரும் சும்மா நின்றோம். எனக்கு அழுகை வந்தது, காற்றில் உப்புத் தூசி என்று சமாளித்தேன்.

கோடியக்கரையில் முழுக்குப் போட்டுவிட்டு வேதாரண்யம் கோயிலுக்கு வந்தோம். அப்பா முன்பு வந்தபோது போலவே வாசலில் செருப்புகளோடு உட்கார்ந்தார். வலது கை அப்போதும் மூடியே இருந்தது. நாங்கள் வெளியே வந்தபோது அக்கா முன்னால் போய் அவரிடம் பிரசாதத்தை நீட்டினார். அப்பா வாழ்நாளில் பிரசாதம் வாங்கியவர் இல்லை. ஆனாலும் அன்றைக்குக் கையை நீட்டப் போய், வலது கையைப் பார்த்துத் தயங்கினார்.

"எடக் கையிலயே வாங்கிக்கங்க சித்தப்பா" என்றார் அக்கா. "அந்தக் கையத் தொறக்காதீங்க."