பதினோரு பேருக்கு ஒரு கை

என் அப்பாவுக்கு இடது கை மணிக்கட்டோடு முடிந்துவிடும். சமீபத்தில் வந்த ஒரு பெரிய சரித்திரப் போர்ப்படத்தில் அதே கை பதினோரு வீரர்களுக்கு இருக்கிறது. ஒட்டியவள் நான்.

புனேயில் பாணேர் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் கிராஃபிக்ஸ் வேலை செய்கிறேன். பச்சைத் துணிக்கு முன்னால் நாலு பேர் மொண்ணைக் கத்தியோடு குதித்திருப்பார்கள். எங்களிடமிருந்து திரும்பிப் போகும்போது அங்கே கோட்டை, புழுதி, காக்கை, குதிரைப்படை எல்லாம் வந்திருக்கும். வெளியில் இதைக் கலை என்கிறார்கள். எனக்குப் பாதி நாள் ரத்தம் தெளிப்பதிலேயே போய்விடும்.

கையின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். புனேயை ஒட்டிய தேஹு ரோடு என்ற ஊரில் நாங்கள் இருந்த லைன் வீடுகளில் முக்கால்வாசி தமிழ்க் குடும்பங்கள். ஆண்களுக்கு ராணுவக் கிடங்கில் வேலை. என் அப்பாவுக்கு மட்டும் அந்தக் கொடுப்பினை இல்லை. ஆகுர்டியில் ஏதோ ஒரு சந்தில், தகடு வெட்டும் சின்னப் பட்டறையில் பவர் பிரஸ் ஓட்டினார். எனக்கு ஏழு வயதாக இருக்கும்போது அந்த மெஷின் தகட்டோடு சேர்த்து அவர் கையையும் வெட்டிவிட்டது. பிறகு அதே பட்டறையின் வாசலில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார்கள். உள்ளே வேலை செய்த மராட்டிக்காரர்கள் அவரைத் 'தோட்டா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கொஞ்ச நாளில் எங்கள் லைனிலும் அதுவே பெயராகிவிட்டது.

எனக்குத் தமிழ்த் தோட்டாதான் தெரியும், துப்பாக்கியில் போடுவது. பெருமை தாங்கவில்லை. கிடங்குக்குப் போகிற அப்பாக்களுக்கே கிடைக்காத பெயர் என் அப்பாவுக்குக் கிடைத்திருக்கிறதே! வகுப்பில் அப்பா பெயரைக் கேட்டபோது எழுந்து நின்று சத்தமாக, "தோட்டா" என்றேன். வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மராட்டியில் அந்தச் சொல்லுக்குக் கை இல்லாதவன் என்று அர்த்தம், பக்கத்தில் இருந்தவள் எனக்கு விளக்கிச் சொன்னாள். அப்பாவுக்கு அது முதல் நாளிலிருந்தே தெரியும். தெரிந்தும், கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். எனக்குக் கூப்பிட்டவர்கள்மேல் கோபம் வரவில்லை, திரும்பிப் பார்த்தவர்மேல்தான் வந்தது.

இப்போது படத்துக்கு வருகிறேன். ஒரு ராஜா, ஒரு கோட்டை, ஒரு துரோகி. கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் மொத்தக் கதையையும் சொல்லிவிடலாம். ராஜா மூன்று முறை கர்ஜிப்பார். இரண்டாவது கர்ஜனைக்கு மழை வரும். அந்த மழையின் ஒவ்வொரு துளியிலும் தீப்பந்தம் தெரிய வேண்டும் என்று டைரக்டர் எங்களை வாரக்கணக்கில் வதைத்தார். போர் எதற்காக நடக்கிறது என்று எங்கள் வரிசையில் ஒருவருக்கும் தெரியாது. நான் ஒருமுறை கேட்டேன். "உன் ஷாட்டுக்கு அது தேவையா?" என்றார் சூப்பர்வைசர். தேவையில்லைதான். போரை அழகாக எடுத்தால் என்ன குற்றம் என்று கேட்பார்கள். எனக்கும் அந்த அழகு பிடிக்கும், நானே செய்த மழையைப் பார்த்து நானே வாய் பிளந்திருக்கிறேன்.

ரத்தத்தின் நிறத்தில்தான் முதலில் தகராறு வந்தது. கை போன அன்று அப்பா போட்டிருந்த சட்டையை அம்மா தூக்கிப் போடவில்லை, அடுப்பு துடைக்க வைத்துக்கொண்டாள். எத்தனை சோப்பு போட்டும் போகாமல் அதில் ஒரு பழுப்புக் கறை இருந்தது. அந்தப் பழுப்பை நினைத்துக் கலந்து அனுப்பினேன். 'அழுக்காக இருக்கிறது' என்று திரும்பி வந்தது. செம்பருத்திச் சிவப்பு அனுப்பினேன், உடனே ஓகே ஆனது.

அடுத்தது கை. கோட்டைக் கதவு உடைகிற இடத்தில் ஒரு வீரனுக்குக் கை துண்டாகும். ஏழு நொடி, ஸ்லோ மோஷன். மிச்சக் கையை அவன் வானத்துக்குத் தூக்கிக் கத்த வேண்டும். நாங்கள் செய்த மொட்டைக் கை மூன்று தடவை திரும்பி வந்தது. கத்தரிக்காய்க் காம்பை நறுக்கியதுபோல வழவழவென்று இருந்தது, நியாயமான புகார்தான். பக்கத்து சீட்டு மராட்டிக்காரர் கம்ப்யூட்டரில் அந்த ஷாட்டுக்குத் 'தோட்டா' என்று பெயர் வைத்திருந்தார். என் அப்பாவைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. காலையில் வந்ததும், "தோட்டா ஜாலா கா?" என்று கேட்பார். தோட்டா முடிந்ததா என்று அர்த்தம். இன்னும் இல்லை என்று நான் சிரித்துக்கொண்டே பதில் சொல்வேன்.

நாலாவது தடவையும் திரும்பி வந்த அன்று மீட்டிங் வைத்தார்கள். யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. நானாகவே கை தூக்கி, "எங்கள் வீட்டில் ஒரிஜினல் இருக்கிறது" என்றேன். சூப்பர்வைசர் முகம் மலர்ந்ததே, அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இப்போது எழுதும்போது உடம்பு கூசுகிறது. அன்று கூசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கேமராவோடு தேஹு ரோட்டுக்குப் போனேன். அப்பா சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில் தயாராக இருந்தார்.

"கைய மட்டும்தான்ப்பா எடுக்கப் போறேன்."

"தெரியும்மா. இருந்தாலும் பிக்சர் ஆச்சே."

ஜன்னல் வெளிச்சத்தில் உட்காரவைத்தேன். மடக்கச் சொன்னேன், திருப்பச் சொன்னேன், தோலை இழுத்துக் காட்டச் சொன்னேன். சொன்னதெல்லாம் செய்தார். ஈரப் பளபளப்பு வேண்டும் என்று கிளிசரின் கொண்டுபோயிருந்தேன். அதை அந்த முனையில் தேய்த்தேன். அந்த இடத்தை நான் தொட்டது அதுதான் முதல் தடவை.

சமையலறையிலிருந்து அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆஸ்பத்திரிலேந்து வந்த மனுசன உள்ள வுடாம கதவ சாத்துனவ, இன்னிக்கி எண்ணெ தடவி வுடுறா பாரு. போட்டோவுக்கு!"

பொய்யில்லை. கட்டு போட்ட கையோடு வாசலில் நின்றவரைப் பார்த்து நான் அலறி, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். "பாப்பா, அப்பாதான். பயப்படாத" என்று வெளியிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். அப்பாதான் என்று எனக்கு நன்றாகத் தெரியும், தெரிந்தும் திறக்கவில்லை. குழாயடிக்குப் போயிருந்த அம்மா திரும்பி வந்து கத்தும் வரை, லைனே வேடிக்கை பார்க்க, அவர் வெயிலில் நின்றார். அதைப் பற்றி அவர் ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

"சின்னப் புள்ளடி அது, வுடு" என்றார் அப்பா, அம்மாவிடம். பிறகு என் பக்கம் திரும்பினார். "அந்த சோல்ஜர் யாரும்மா? கை பூட்ட அப்பறம் இன்னா ஆறான்?"

அவன் யாருமில்லை. எங்கள் பட்டியலில் அவன் 'வீரன் பதினான்கு'. ஏழாவது நொடியில் அவன்மேல் ஒரு குதிரை பாயும், அதோடு சரி. அதைச் சொல்லியிருக்கலாம். அம்மா சொன்னது தைத்துக்கொண்டிருந்ததால் வாய் வேறு எதையோ சொல்லிவிட்டது.

"வீட்டுக்குப் போறான்ப்பா."

"கையில்லாமயா?"

"ஆமா. அவனுக்கு ஒரு பொண்ணு. அவதான் கதவ தொறக்கறா."

"தொறந்து?"

"உள்ள கூட்டிட்டுப் போறா."

"நல்ல பிக்சர்தான்" என்றார். மறுபடியும் கையை நீட்டி, "சரியா வந்துச்சா? இன்னொன்னு எடுத்துக்கோ" என்றார்.

கை பிரமாதமாக வந்தது. டைரக்டர் ஒரே பார்வையில் ஓகே செய்துவிட்டு, கூட்டத்தில் இன்னும் பத்துப் பேருக்கு அதையே போடச் சொன்னார். நிறம் மாற்றினேன், சிலருக்கு இடம் வலமாகத் திருப்பினேன். முழங்கைக்குக் கீழே அப்பாவுக்கு ஒரு மச்சம் உண்டு, எல்லோரிடமும் அதை அழிக்க வேண்டியிருந்தது. ஒருவனிடம் மட்டும் அழிக்காமல் விட்டேன். பாசமா என்று கேட்காதீர்கள், சோம்பல்தான்.

அதற்குள் அப்பா லைன் முழுக்கச் சொல்லிவிட்டார். பெருமை கைக்கு இல்லை, கதைக்கு. கை போனவன் வீட்டுக்கு வருவானாம், மகள் ஓடிவந்து கதவைத் திறப்பாளாம். ஓடிவருவது அவரே சேர்த்துக்கொண்டது. அம்மா, "நான் வரல, நீங்களே போயி பாருங்க" என்றுவிட்டாள். சிஞ்ச்வட்டில் ஒரு மாலில் காலைக் காட்சிக்கு அவரைக் கூட்டிப் போனேன்.

கதவு உடைந்தது, கை துண்டானது. செம்பருத்திச் சிவப்பு ஏழு நொடி காற்றில் மிதந்தது. தியேட்டரில் விசில் பறந்தது. முன்சீட்டு ஆள் அதைப் போனில் படம் பிடித்தான்.

"இவ்ளோ நேரம் ஆவாதும்மா" என்று அப்பா என் காதில் சொன்னார். "டக்குனு பூடும். மெஷின் ஓடிக்கினே இருக்கும். அப்பறம்தான் நாம பாப்போம்."

அடுத்து வீரர்களின் கூட்டம் திரையில் வந்தது. "அதுவும் என்னுது" என்றார். "அதோ, மச்சம்." பிறகு மெதுவாகச் சிரித்து, "அது வலது கையாச்சே! எனக்கு அதுவும் பூட்ச்சா?" என்றார். அவர் மடியில் பாப்கார்ன் டப்பா இருந்தது. அதைச் சாயாமல் மொட்டைக் கையால் அணைத்துப் பிடித்திருந்தார்.

இடைவேளையில் அப்பா பாத்ரூம் போகவில்லை. போன நேரத்தில் அந்த சீன் வந்துவிடுமோ என்று பயம். இரண்டாம் பாதி முழுக்க, எந்தக் காட்சியில் ஒரு கதவு தெரிந்தாலும் சீட்டின் நுனிக்கு வந்தார். அரண்மனைக் கதவுகள், சிறைக் கதவுகள், எல்லாம் மிக அழகான கதவுகள். யாரும் யாருக்கும் திறக்கவில்லை. ராஜா மூன்றாவது முறை கர்ஜித்தார், படம் முடிந்தது. பெயர்கள் ஓடின. என் பெயரும் ஓடியது, அப்பா அதைத் தேடவில்லை. கூட்டுகிறவர்கள் உள்ளே வந்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

"கதவு?" என்றார்.

"எந்தக் கதவுப்பா?" தெரிந்தேதான் கேட்டேன்.

"அந்தப் பொண்ணு தொறக்குமே."

அப்படி ஒரு சீனே கிடையாது, நான் கட்டிவிட்டது என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். அதற்கும் எனக்குத் துணிச்சல் வரவில்லை.

"ரொம்ப நீளமாயிடுச்சுன்னு அத வெட்டிட்டாங்கப்பா" என்றேன்.

அப்பா குனிந்து தன் மடியைப் பார்த்தார். சட்டைக் கையை இழுத்து அந்த முனையை மூடிக்கொண்டார்.

"அதையுமா?" என்றார்.