இரண்டாம் இலக்கம் கேட்ட கார்மனு

போன செவ்வாய்க்கிழமை காலை, பக்கத்து வீட்டு டோரிசுடன் வேலியருகே பேசிவிட்டுக் குசினிக்குள் வந்த என் மனைவி, "இஞ்சருங்கோ, கார்மனு மோசம் போயிட்டாராம். நித்திரையிலயே உயிர் போயிட்டுதாம்" என்றாள். எங்கள் புறநகரான டார்னெய்ட்டின் அத்தனை குப்பைத் தொட்டிகளும் அன்று தலைகுனிந்து நின்றன. அவற்றின் மூடிகளைத் தெருத்தெருவாகச் சரிபார்த்து நடக்கும் இன்னொரு மனிதரை இந்தக் கண்டம் கண்டதில்லை.

அவர் மால்டாக்காரர் என்பது இந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அங்கே ஒரு சின்ன ஊரின் உள்ளூராட்சி மன்றத்தில் இரண்டு தவணை ஆண்ட சக்கரவர்த்தி என்பது சிலருக்குத்தான் தெரியும். கார்மனு, டோரிஸ் தம்பதியின் இங்கிலீசு என் காதில் யாழ்ப்பாணத் தமிழாகவே விழும். அப்படியே எழுதுகிறேன்.

"உங்கட இராச்சியம் எவ்வளவு பெரிசு, ஐசே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒரு கோயில், ரெண்டு பேண்ட் கோஷ்டி. நான் தும்மினால் முழுத் தொகுதிக்கும் கேக்கும்."

பிறக்கும் குழந்தை அழுவதற்கு முன் தன் கட்சியைச் சொல்லும் தீவு அது. கார்மனுவுக்குக் கட்சி இல்லை. இங்கே போலவே அங்கும் வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என்று இலக்கமிட்டுத்தான் வாக்களிப்பார்கள். 1 வாங்கியவர் வென்று மிஞ்சினாலோ தோற்று விழுந்தாலோ, அந்த வாக்கு 2 வாங்கியவருக்கு வழியும். ஆகவே அவர் டை கட்டிக்கொண்டு வீடு வீடாகத் தட்டுவார். "ஒண்டை உங்கட கட்சிக்காரனுக்கே போடுங்கோ. ரெண்டை மட்டும் எனக்குத் தாங்கோ." இதற்கு யார் மறுப்பார்கள்? மற்றவர்களிடமிருந்து வழிந்த இரண்டுகளிலேயே இருமுறை வென்றார்.

மருந்தகத்துக்கு ஏறும் செங்குத்தான ஒழுங்கையில், வயதானவர்கள் பிடித்து நடக்கப் பாதித் தூரம் கம்பி போட்டிருந்தார். மீதிப் பாதிக்காக மூன்றாம் முறை நின்றார். அந்த முறை ஊர் ஒருவர் விடாமல் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. இரண்டுகள் இமயமலை போலக் குவிந்தன, ஒன்றுகளைத்தான் காணவில்லை. ஒன்றுகள் குறைந்தவர் முதல் சுற்றிலேயே வெளியே. இரண்டுகளை எண்ண வேண்டிய தேவையே வரவில்லை. அவரைவிட ஒரே ஒரு வாக்கு அதிகம் பெற்றுத் தப்பியவர் டோரிசின் தம்பி. அடுத்த சுற்றில் அவரும் விழுந்தார். கம்பி இன்றைக்கும் பாதியில் நிற்கிறதாம்.

அந்த ஒரு வாக்கு என்னை வருடக்கணக்காக அரித்தது. அடக்கம் முடிந்து கோப்பி குடிக்கும்போது கேட்டேவிட்டேன்.

"டோரிஸ், நீங்கள் ஆருக்குப் போட்டனீங்கள்?"

என் மனைவி கிள்ளிய இடம் இன்னும் நீலம்.

"தம்பிக்கு ஒண்டு. இவருக்கு ரெண்டு."

"ஏன்?"

"எங்கட சொந்த வீட்டுக் கதவையும் தட்டினவரெல்லோ. வாசல்ல நிண்டு, 'ஒண்டைத் தம்பிக்குப் போடு, ரெண்டை எனக்குத் தா' எண்டவர். கேட்டதைக் குடுத்தனான்."

"அவருக்குத் தெரியுமோ?"

"இஞ்ச வந்த பிறகு, பயந்து பயந்து சொன்னனான். வீடு வீடா விரல்விட்டு எண்ணிப் பாத்தவர். பிறகு, 'அப்ப ஒருத்தரும் எனக்குப் பொய் சொல்லேல்லை என்ன?' எண்டு கேட்டார். ஓம் எண்டன். 'நல்ல ஊர்' எண்டு சொல்லிப்போட்டுத் தேத்தண்ணி கேட்டவர்."

நானாக இருந்தால் அந்த ஊரை உலகப் படத்திலிருந்தே சுரண்டி எடுத்திருப்பேன். கார்மனுவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்த "நல்ல ஊர்" தான். அதைச் சொன்னபோது குரலில் கொஞ்சமாவது கசப்பு இருந்ததா என்று டோரிசிடம் மறுபடியும் விசாரித்தேன்.

"இல்லை," என்றார். "பெருமை."