கால் பார்க்கும் நேரம்

என் மாமனாரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் இரண்டு தேறும். கண்ணாடியை நேராக வெட்டுவார். காலையில் சீக்கிரம் எழுந்துவிடுவார். மற்றபடி அவர் வாயில் விழுந்து எழாத ஆள் எங்கள் தெருவிலும் இல்லை, கடையிலும் இல்லை. நான் வீட்டோடு மாப்பிள்ளை. போதாததற்கு அவர் வெட்டும் கடையிலேயே விளிம்பு தேய்க்கிறவன். ஆகவே அந்த வாயிலிருந்து எனக்குப் பகலிலும் விடுமுறை கிடையாது, மாலையிலும் கிடையாது.

கடையில் அவருக்குப் 'பஞ்சு' என்று பட்டப்பெயர். மென்மையான மனிதர் என்பதால் வைத்த பெயர் இல்லை. வெட்டிய கண்ணாடியின் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத பிசிறு இருக்கிறதா என்று பார்க்க, ஒரு துண்டுப் பஞ்சை அதன் மேல் லேசாக இழுப்போம். பிசிறு இருக்கும் இடத்தில் இழை மாட்டும். அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்துவிட்டால் சரியாகிவிடும். எல்லோரும் செய்வதுதான். இவர் மட்டும் சட்டைப் பையில் எப்போதும் ஒரு பொட்டலம் பஞ்சு வைத்திருப்பார். நான் தேய்த்து முடித்த கண்ணாடியை வாங்கி, என் முகத்துக்கு நேரே இழுத்துக் காட்டுவார்.

"மாப்ள, இது விளிம்பா, ரம்பமா?"

பக்கத்தில் வாடிக்கையாளர் யாராவது நின்றால் குரல் இன்னும் கொஞ்சம் கூடும்.

அவருக்குச் சர்க்கரை வியாதி இருப்பது தெரிந்தது அவருடைய அண்ணன் செத்த பிறகுதான். அண்ணனும் கண்ணாடிக்காரர். அவருக்கும் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி செத்துப்போய், குத்திய சில்லு உள்ளே இருப்பதே தெரியாமல் நடந்து, புண் புரையோடி, முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். எடுத்தும் பிழைக்கவில்லை. அந்தச் சாவுக்குப் போய் வந்த கையோடு இவர் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். சர்க்கரை இருந்தது. டாக்டரம்மா ஒரு மெல்லிய இழையால் பாதத்தில் அங்கங்கே தொட்டு, "தெரியுதா, தெரியுதா" என்று கேட்டார். பல இடங்களில் தெரியவில்லை.

"பயப்படாதீங்க. தினமும் பாதத்தைப் பார்த்துக்குங்க, அது போதும்" என்று சொல்லி அனுப்பினார்.

மனிதர் முதல் வாக்கியத்தை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு, இரண்டாவதை மட்டும் வீட்டுக்குத் தூக்கி வந்தார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கால் பார்க்கும் நேரம் என்று ஒன்று உண்டானது. கடையிலிருந்து வந்ததும் நாற்காலியில் உட்காருவார். டிவியை அணைக்க வேண்டும். அத்தை, அதாவது என் மாமியார், பேசினில் வெந்நீர் கொண்டுவந்து வைப்பார். உள்ளே சில்லு ஏதாவது இருந்தால் வெந்நீரில் ஊறி மேலே வரும் என்பது மாமனாரின் சொந்த வைத்தியம். ஊறிய காலை அத்தை துடைத்து மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கையில் டார்ச்சைப் பிடித்து, மறு கையால் உள்ளங்கால் முழுக்கப் பஞ்சை இழுப்பார். கடையில் செய்வதை மாமனார் அப்படியே காலுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

"ம்?" என்பார் இவர், கூரையைப் பார்த்தபடி.

"ஒண்ணுமில்ல" என்பார் அத்தை.

"சரியாப் பாத்தியா?"

"பாத்துட்டேங்க."

"என் அண்ணிகாரியும் இப்படித்தான் பாத்தா. எங்க அண்ணன் போயே போயிட்டான்."

அதைக் கேட்ட பிறகு அத்தை மறுபடி முதலிலிருந்து இழுப்பார். சில நாள் மூன்றாவது தடவையும் நடக்கும். அதற்குள் சாப்பாடு ஆறிவிடும். ஆறிய சாப்பாட்டுக்கும் திட்டு அத்தைக்குத்தான்.

வீட்டுக்குள் கண்ணாடிப் பொருளே கூடாது என்று அடுத்து ஒரு சட்டம் வந்தது. பாட்டில்கள் போயின. சுவரில் இருந்த முகம் பார்க்கும் கண்ணாடியைக்கூடக் கழற்றிக் கடையில் கொண்டுபோய்ப் போட்டார். ஊருக்கெல்லாம் கண்ணாடி வெட்டிக் கொடுப்பவரின் மகள், என் மனைவி, செல்போனைப் பார்த்துத் தலை சீவினாள். சமையலறையில் ஒரு டம்ளர் விழுந்தால், அது ஸ்டீல் டம்ளராகவே இருந்தாலும், மனிதர் கால் இரண்டையும் நாற்காலி மேல் தூக்கிக்கொண்டு கத்துவார். எனக்குச் சிரிப்பு வரும். பிறகு அத்தை குனிந்து இல்லாத சில்லைத் தேடிக் கூட்டுவதைப் பார்த்ததும் வயிறு எரியும்.

இதற்கு நடுவில் திடீர் திடீரென்று படபடப்பு வரும் அவருக்கு. கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். சர்க்கரை இறங்கினால் அப்படி வரும் என்று யாரோ சொல்லிவைத்திருந்தார்கள். உடனே குளுக்கோஸ் பொடியைக் கரைத்துக் குடிப்பார். கடையில் கண்ணாடி உடையும் சத்தம் கேட்டால் ஒரு டம்ளர். அண்ணன் பேச்சு வந்தால் ஒரு டம்ளர். மாதா மாதம் சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. மாத்திரை கூடியது. கடைசியில் டாக்டரம்மா ஒரு நாள், படபடப்பு வரும்போதே விரலில் குத்திப் பார்க்கச் சொன்னார். நான்தான் குத்தினேன். முந்நூற்றுக்கு மேல் காட்டியது. அதைக் குறித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

"இது சுகர் இறங்கி வர்ற படபடப்பு இல்லங்க. பயத்துல வர்றது. ரெண்டுக்கும் நடுக்கம் ஒண்ணுதான், வேர்வை ஒண்ணுதான், அதான் குழம்பிட்டீங்க" என்றார் டாக்டரம்மா. "பயந்தாலே சுகர் ஏறும். அதுக்கு மேல குளுக்கோஸையும் குடிச்சா? ஏற ஏற நரம்பு கெடுது, கால் மரக்குது. கால் மரக்க மரக்க உங்களுக்குப் பயம் கூடுது. ஒண்ணுக்கு ஒண்ணு தீனி போட்டு வளக்குது. சுகருக்கு நான் மருந்து தர்றேன். பயத்துக்கு மனநல டாக்டர் ஒருத்தர் இருக்காரு, நல்லவரு, எழுதித் தரட்டுமா?"

மாமனார் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"என்னைப் பைத்தியம்ங்கிறீங்களா?"

"அப்படிச் சொல்லல. பயமும் ஒரு நோய்தான்."

"எனக்கு என்ன பயம்? வைரமுனையப் புடிச்சு முப்பது வருஷமா கண்ணாடி வெட்டுறவன் நான்."

எழுந்து வந்துவிட்டார். பஸ்ஸில் ஏறியும் அடங்கவில்லை. டாக்டரம்மாவின் படிப்பு, அந்த ஆஸ்பத்திரி, பக்கத்து சீட்டுக்காரரின் குடை, நான் ஊசி குத்திய விதம் எல்லாவற்றையும் கரித்துக் கொட்டினார். அதன் பிறகு அந்த டாக்டரம்மாவிடம் போகவே இல்லை. மருந்துக்கடையில் பழைய சீட்டைக் காட்டி மாத்திரை வாங்கிக்கொண்டார்.

பயம் இல்லாத அந்த வீரர், அந்த வருஷத்தில் வெந்நீரோடு சண்டை பிடிக்க ஆரம்பித்தார்.

"என்ன தண்ணி இது, பச்சத் தண்ணியா?"

"சூடாத்தாங்க இருக்கு. கைய வைக்க முடியல."

"எனக்குத் தெரியாதா? என் காலுக்கு உறைக்கவே இல்ல."

உறைக்காததுதான் அவருடைய வியாதி. அதைச் சொன்னேன். அப்பா மகள் இரண்டு பேருக்கும் நடுவில் நான் மூக்கை நுழைக்கிறேன் என்றார். அதற்கும் வெந்நீருக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. அத்தை ஒரு நாள் தண்ணீரை விளாவிக் கொண்டுவந்தார். மனிதர் பேசினை எட்டி உதைத்தார். கூடம் முழுக்க வெள்ளம். அதிலிருந்து அத்தை கொதிப்பு அடங்கியும் அடங்காததுமாகக் கொண்டுவந்து வைத்துவிடுவார்.

அத்தை அப்போதெல்லாம் ஒரு மாதிரி நடமாடினார். அடுப்பைக் கையால் துழாவுவார். தேநீரை டம்ளருக்கு வெளியே ஊற்றுவார். "அத்தை, ஒரு கண்ணாடி போட்டுக்குங்க" என்றேன். "இந்த வீட்டுலதான் கண்ணாடி ஆகாதே மாப்ள" என்று சிரித்தார். அவர் அந்த வீட்டில் சிரித்து நான் கேட்டது ரொம்பக் குறைவு. என் மனைவி கண் டாக்டரிடம் கூப்பிட்டாள். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே போனார். கால் பார்க்கும் நேரம் மட்டும் தவறவில்லை. டார்ச், பஞ்சு, "ஒண்ணுமில்ல."

ஒரு நாள் கடையில் வேலை முடிந்து அவர் பூட்ஸைக் கழற்றியபோது எனக்கு நாற்றம் அடித்தது. சில்லுக்குப் பயந்து கனமான பூட்ஸும் இரட்டை சாக்ஸும் போடுவார். வலது சாக்ஸின் முன்பக்கம் பழுப்பாக நனைந்திருந்தது.

"மாமா, கால்ல என்ன அது?"

"வேர்வை."

"வேர்வை இப்படி நாறாது. சாக்ஸைக் கழட்டுங்க."

"உங்க அத்தை தினமும் பாக்குறா. ஒண்ணுமில்லங்கிறா. நீ பெரிய டாக்டரா?"

நான் குனிந்து சாக்ஸை உருவினேன். பெருவிரலுக்கு அடியில், கொப்புளம் வெடித்த இடத்தில், ஒரு குழி. ஓரமெல்லாம் வெளுத்து வழவழவென்று இருந்தது. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு, "சில்லா? சில்லு இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

சில்லு இல்லை. ஆஸ்பத்திரியில் அறுவை டாக்டர் பார்த்ததும் சொன்னார். "இது எதுவும் குத்துன புண்ணு இல்ல. வெந்துபோன புண்ணு. சுடுதண்ணி ஏதாவது ஊத்துனீங்களா?" நான் மாமனாரையே பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார். வெந்த தோல் வழுக்கும். அதில் பஞ்சு இழை எப்படி மாட்டும்? வருஷக்கணக்கில் அந்த வீடு ஒரு பிசிறைத் தேடி நடுங்கியது. தேடத் தெரிந்ததெல்லாம் பிசிறை மட்டும்தான்.

பெருவிரலையும் அடுத்த இரண்டு விரல்களையும், பாதத்தில் ஒரு பகுதியையும் எடுத்தார்கள். முழுக் காலும் போகாமல் தப்பியதே பெரிது என்றார்கள்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள், நர்ஸ் அத்தையிடம் டிரிப்ஸைக் காட்டி, "பாட்டில்ல தண்ணி தீர்ற மாதிரி இருந்தா கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் சாப்பாடு வாங்கித் திரும்பி வந்தபோது பாட்டில் காலி. குழாயில் ரத்தம் ஏறியிருந்தது. அத்தை நேர் எதிரே, பாட்டிலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நர்ஸ் ஓடி வந்து கத்தினார்.

"எதுக்கும்மா உக்காந்திருக்கீங்க? கண்ணு முன்னாடிதானே தொங்குது?"

"தெரியலம்மா" என்றார் அத்தை.

"எது தெரியல?"

"பாட்டில் எங்க இருக்குன்னே தெரியல."

அந்த வார்டு நர்ஸுக்கு வாய் நீளம், ஆனாலும் விவரமானவர். அப்போதே அத்தையின் விரலில் குத்திப் பார்த்தார். மாமாவுக்குக் கொஞ்சமும் குறையாத சர்க்கரை. கண் டாக்டர் வந்து பார்த்தார். உள்ளே ரத்தம் கசிந்து கசிந்து இடது கண் போனது போனதுதான். வலது கண்ணை ஊசி போட்டுக் காப்பாற்றப் பார்க்கலாம், உறுதி சொல்ல முடியாது. ஒரு வருஷம் முன்னால் வந்திருந்தால் இரண்டுமே நின்றிருக்கும்.

என் மனைவி அழுதாள். "உனக்கு சுகர்னு தெரியுமாம்மா?"

"தெரியும். முகாம்ல பாத்துச் சொன்னாங்க. ரொம்ப நாளாச்சு."

"ஏம்மா சொல்லல?"

"வீட்டுக்கு ஒரு சுகர்காரர் போதும்னுதான்" என்றார் அத்தை. பிறகு குரலைத் தாழ்த்தி, "கண்ணு தெரியலன்னு சொன்னா, அப்போ என் காலை என்னத்தடி பாத்தேன்னு கேப்பாரே. பஞ்சு மாட்டலன்னா ஒண்ணுமில்லதானேன்னு சொல்லிட்டேன்" என்றார்.

மாமனார் கட்டிலில் விழித்துத்தான் இருந்தார். எல்லாம் கேட்டது. அவர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்குத் துளிக்கூட இரக்கம் வரவில்லை. இப்போதும் வரவில்லை. பயம் ஒரு நோய் என்று டாக்டரம்மா சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இவர் அந்த நோயைத் தான் வைத்துக்கொள்ளவில்லை. அத்தைக்குக் கொடுத்துவிட்டார். அவர் அதை வாங்கிக் கண்ணுக்குள் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு சில நாள் அமைதி. புண் காய்ந்தது. ஒரு மாலை, பழைய நாற்காலியில் உட்கார்ந்தவர், பழைய குரலில் கூப்பிட்டார்.

"ஏய், இடது காலைப் பாரு. அதுவும் போச்சுன்னா நான் என்ன பண்றது?"

அத்தை வலது கண்ணுக்கு மருந்து விடுவதற்காக என் மனைவியின் முன் உட்கார்ந்திருந்தார். திரும்பவில்லை.

"எனக்குத் தெரியாதுங்க. நீங்களே பாத்துக்குங்க."

"நான் எப்படிடி குனிஞ்சு பாப்பேன்?"

நான் உள்ளே போய்ப் பையை எடுத்து வந்தேன். அன்று கடையில் ஒரு முகக்கண்ணாடித் துண்டை நானே வெட்டி, நாலு விளிம்பையும் தேய்த்து, பஞ்சு போட்டு இழுத்துப் பார்த்துக் கொண்டுவந்திருந்தேன். இடது பாதத்துக்கு நேர் கீழே தரையில் வைத்தேன்.

"இதுக்கு எதுக்குக் குனியணும்? கீழ பாருங்க மாமா, உள்ளங்கால் தெரியும். டாக்டருங்க எல்லாருக்கும் இப்படித்தான் சொல்றாங்களாம்."

வீட்டுக்குள் கண்ணாடியா என்று சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். வரவில்லை. நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். தலை குனிந்தது.

"என்ன தெரியுது?" என்றார் அத்தை அங்கிருந்தே.

"ஒண்ணுமில்ல" என்றார்.

அவர் கண் இரண்டும் இறுக மூடியிருந்தன. இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் தன் பாதத்தை ஒரு தடவைகூடத் தானே பார்த்ததில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கால் பார்க்கும் நேரமெல்லாம் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அத்தைக்கு அவர் முகம் தெரிய வழியில்லை. எனக்குத் தெரிந்தது.

"கண்ணைத் திறந்துட்டுச் சொல்லுங்க" என்றேன்.

திறந்தார். கை நடுங்கியது, நெற்றி வியர்த்தது. குளுக்கோஸ் டப்பா பக்கமே பார்வை போனது. நான் அசையவில்லை. மறுபடி கீழே பார்த்தார்.

"குதிகால்ல ஒரு வெடிப்பு இருக்கு" என்றார். பிறகு வழக்கம்போல அத்தையை நோக்கிக் காலை நீட்டினார்.

அத்தை முகத்தை மேலே தூக்கிக் கண்ணை விரித்துக் காட்டினார். என் மனைவி முதல் சொட்டை விட்டாள்.

"களிம்பு அலமாரியில இருக்கு" என்றார் அத்தை. "எடுத்துப் போட்டுக்குங்க."